வாளோடை நிண்ட ஆளுக்கு நேந்த பிள்ளை

பேரன் பிறந்த சந்தோசப் புளுகத்திலை நான் கண்டபடி கதைக்கிறன் எண்டு மகள் றோஸ்மலர் சொல்லுறாள். சொல்லட்டும். மருமகன் பீற்றரின்ரை கதையை நான் சொல்லத்தான் வேணும்.

கலியாணம் முடிச்ச கையோடை, எண்பத்தேழிலை, பீற்றர் மன்னாரிலை இருந்து லண்டனுக்கு வந்தவர். மகள் என்னோடை ஊரிலை. அப்டன் பார்க்கிலை ஒரு கடைக்கு மேலை அவருக்கு அறை. கூட இருந்தது பத்மநாதன், யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன், சரியான வாய்க்காரன்.

பழைய சாமான் விக்கிற சந்தையிலை பீற்றர் ஒரு படம் வாங்கினவர். கவசம் போட்ட ஒரு ஆள் வாளை ஓங்கிக்கொண்டு நிக்கிறார், காலடியிலை கறுத்தப் பிசாசு. சாத்தானை மிதிச்ச தேவதூதர், மிக்கேல் சம்மனசுதான் எண்டு பீற்றர் சுவரிலை மாட்டிப்போட்டார்.

"அண்ணை, சம்மனசுக்குப் பறக்கச் செட்டை எங்கை?" எண்டு பத்மநாதன் கேட்டானாம்.

"கவசத்துக்குள்ளை மடிச்சு வைச்சிருக்கிறார்."

"பிசாசுக்கு எட்டுக் கால் கிடக்கு?"

"உங்கடை முருகனுக்கு ஆறு முகம். நான் ஏதும் கேட்டனானே?"

மகளின்ரை விசா இழுபட்டுக்கொண்டே போச்சுது. எங்கடை பக்கம் ஷெல் விழுந்ததெண்டு கேள்விப்பட்ட அண்டு, பீற்றர் அந்தப் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி நேந்தவர். "அவளைக் கொண்டுவந்து சேருங்கோ. முதல் பிள்ளையை உங்களுக்கே தாறன்."

இது எங்கடை வழக்கம். நேந்த பிள்ளையைக் கோயிலிலை புனிதரின்ரை காலடியிலை வைச்சுக் குடுக்கிறது. பிறகு கோயில் மூப்பர் புனிதருக்காக நிண்டு விக்க, அரிசியோ உப்போ குடுத்து வாங்கிறது. வாங்கினால்தான் பிள்ளை எங்கடை.

மகள் வந்து சேர்ந்தாள். பின்னாலை நானும் வந்தன். மோர்டனிலை வீடு எடுத்தம், படமும் அங்கை சுவருக்கு வந்திட்டுது. தொண்ணூத்திமூண்டிலை, இப்ப போன மாசம், பேரன் பிறந்தான். உச்சி நிறைய முடி. மூக்கு என்ரை மூக்கு.

பிள்ளை பாக்க வீட்டை வந்த நேர்ஸ் படத்தைக் கண்டிட்டா. யப்பான் படமாம். மரப்பலகையிலை வெட்டி, மை பூசி அச்செடுக்கிறதாம். அவவின்ரை தகப்பனிட்டையும் ஒண்டு இருக்காம். அந்தக் காலத்துப் போர்வீரன் ஒருத்தன் பெரிய சிலந்திப் பூதத்தை வெட்டுற கதையாம். றோஸ்மலர் எனக்குத் தமிழிலை சொல்லச் சொல்ல, பீற்றரின்ரை முகம் செத்துப்போச்சு.

அண்டையிலை இருந்து மனிசன் பிள்ளையைத் தூக்கேல்லை.

"மாமா, நான் பிள்ளையை ஆருக்குக் குடுத்தனான்?"

"தெரியாமல் நேந்ததுதானே. பங்குச் சுவாமியாரிட்டைச் சொல்லுவம்."

"சொல்லிட்டன். கடவுளுக்கு விளங்கும், விடு எண்டார். ஆனா நான் கேட்டது இந்த ஆளிட்டை. அவளும் வந்திட்டாள். இனி ஏமாத்தினா, பிள்ளைக்கு ஏதும் வந்திடாதே?"

"அப்ப முறைப்படி குடுத்து வாங்கு," எண்டன்.

"இவருக்காக ஆர் நிண்டு விக்கிறது?"

பிள்ளை பாக்க வந்திருந்த பத்மநாதன் தேத்தண்ணியைக் கீழை வைச்சான். "நீங்கள் நேந்த அண்டு பக்கத்திலை இருந்தவன் நான். நான் விக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை படத்தைக் கழட்டிச் செற்றியிலை சாத்தி வைச்சு, முன்னாலை துவாய் விரிச்சுப் பிள்ளையைக் கிடத்தினம். பத்மநாதன் முழுகி, திருநீறு பூசி வந்து பக்கத்திலை சப்பாணி கட்டி இருந்தான். பீற்றர் அரிசிப் பையை வைச்சார்.

"காணாது," எண்டான் பத்மநாதன். "நண்டுக்கறியும் வேணும்."

"இவர் நண்டு தின்னுறவர் எண்டு ஆரடா சொன்னது?" எண்டு நான் கேட்டன்.

"எட்டுக்கால் உள்ளதுகளைத்தானே ஐயா வெட்டுறார்."

"சிரிக்க வைக்காதையுங்கோ, தையல் நோகுது," எண்டு றோஸ்மலர் வயித்தைப் பிடிச்சாள்.

பீற்றர் சிரிக்கேல்லை. "நண்டும் தாறன், பத்மநாதன். பிள்ளையைத் தா."

அவனுக்கும் பகிடி நிண்டுபோச்சு. ரெண்டு கையாலையும் பிள்ளையைத் தூக்கி, படத்திலை ஒருக்கால் முட்டவைச்சான். "இந்தாங்கோ அண்ணை. வாங்கீட்டியள். இனி உங்கடை பிள்ளை."

பீற்றர் வாங்கி நெஞ்சோடை அணைச்சவர்தான். நானும் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறன், தாறமாதிரி இல்லை.

"பொறுங்கோ மாமா. இப்பதானே வாங்கினனான்."