பைக்காரியின் இடது ஓரம்

அலுவலகத்தில் அவளைப் பைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சுட்டு விளையாடும் வீடியோ கேம்களில் எதிராளி விழுந்ததும் அவனுடைய துப்பாக்கி, தோட்டா, மருந்தையெல்லாம் அள்ளிக்கொள்ள ஒரு பை திறக்குமே, அந்தத் திரையை வடிவமைப்பது அவள் வேலை. பை திறந்திருக்கிறது என்பதற்காக ஆட்டம் நிற்காது. வேண்டியதை ஒன்றரை நொடிக்குள் கண் கண்டுபிடித்து விரல் எடுத்துவிட வேண்டும். பதினோரு வருஷமாக அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இந்த முறை இடது ஓரத்தில் இருந்த பொருள் பட்டியலைத் தூக்கித் திரையின் நடுவில் போட்டாள். ஓரத்தை எவரும் பார்ப்பதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எட்டுப் பேரை உட்கார்த்தி முதலில் பழைய திரையிலும், பிறகு புதியதிலும் ஆடவிட்டார்கள். புதியதில் ஆறு பேர் பையைத் திறந்த கையோடு செத்தார்கள். எதிரி நேர் எதிரே வந்தான். பை அவனை மறைத்துவிட்டது.

சோதனை செய்யும் பையன் நாள் முழுக்க ஆடிச் செத்துச் சம்பளம் வாங்குகிறவன். வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, இது பையா, பாடையா? பழையபடி ஓரத்துலயே வைங்க."

"ஓரத்துல வெச்சா யாருக்குத் தெரியும்?"

"எட்டு பேருக்கும் தெரிஞ்சுதே. உங்களுக்குத்தான் தெரியல போல."

கிண்டலாகத்தான் சொன்னான். அவளுக்கு அப்பாவின் சாப்பாட்டுத் தட்டு நினைவுக்கு வந்தது.

அவளுடைய அப்பாவுக்குக் கண்ணில் நீரழுத்தம். வலியே இல்லாத நோய். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும். போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். அவர் மருந்து போடவில்லை. கடைசியில் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டுக் கை கழுவப் போவார், அந்தப் பாதி தெரியாமல். தட்டைத் திருப்பி வைத்தவள் இவள்தான். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதை நன்றாகக் கேட்டவளும் இவள்தான். அதனாலேயே மூன்று வருஷமாகக் கண் டாக்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தெரிந்தவர்கள்தான் இப்படி ஒளிவார்கள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டபோதெல்லாம் வீடு சின்னது என்று சொல்லிக்கொண்டாள்.

பையனிடம் பழைய திரையைப் போடச் சொல்லி, இடது கண்ணைக் கையால் பொத்தி, நடுவில் இருந்த, துப்பாக்கியைக் குறிபார்க்கும் புள்ளியையே பார்த்தாள். பட்டியலைத் திறக்கச் சொன்னாள்.

"திறந்துட்டேனே அக்கா," என்றான். குரலில் கிண்டல் இல்லை.

இடது பக்கம் ஒன்றுமே இல்லை. கருப்பாகக்கூட இல்லை. அப்படி ஓர் இடமே இல்லாதது போல் இருந்தது.

தங்கைக்குப் போன் செய்தாள். அவள் திட்டிக்கொண்டே ஒரு மணி நேரத்தில் வந்து, கையைப் பிடித்துக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். நடுவில் பார்த்தபடி, எங்கே வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் இயந்திரம் மெல்லக் கிர்ரென்றது. இரண்டு நிமிஷத்தில் அவளுக்கு அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டது. சத்தத்தைக் கேட்டு அமுக்கினால் போதும். எல்லாப் புள்ளியும் தெரிந்ததாகப் பதிவாகும், அவள் வேலைக்குத் திரும்பிப் போய்விடலாம்.

கிர்ரென்றது. வெளிச்சம் தெரியவில்லை. கட்டைவிரல் பட்டன் மேல்தான் இருந்தது. அவள் அமுக்கவில்லை.

மறுபடி கிர்ரென்றது. அப்போதும் அமுக்கவில்லை.