சுக்கு தேடிய ஆள்

செவ்வாய்க்கிழமை காலை கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, கூட வேலை பார்க்கும் ஏழுமலை போன் செய்தான். "அண்ணா, சுக்கு போயிடுச்சு" என்றான். போனிலேயே அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது வேறு. கடைசி மூச்சும் அவன் மடியில்தான் போயிருக்கும், அதுகூட எனக்குக் கிடைக்கவில்லையே என்று வயிறு எரிந்தது. இதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

நம் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்தவர்களுக்குச் சுக்குவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடி அண்ணாமலை பக்கம் கிரிவலப் பாதையில் வேன் மோதிக் கிடந்த நாட்டு நாய் அது. செங்கம் ரோட்டில் இருக்கும் நாய்க் காப்பகத்துக்காரர்கள் தூக்கிப் போய்ப் பிழைக்க வைத்தார்கள். இடது காதில் பாதி இல்லை. நிறமும் உடம்பும் காய்ந்த சுக்குதான். இடிபாடுகளில் சிக்கியவர்களை மோப்பம் பிடித்துத் தேட ஒரு நாயைப் பழக்கலாம் என்று ஸ்டேஷன் ஆபீசர் அனுமதி வாங்கியதும், அதைப் பழக்கும் வேலைக்கு முதலில் பெயர் கொடுத்தவன் நான். மூன்று ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டோடு காப்பகத்துக்குப் போனவனும் நான்தான். நாலாவது வாரம் ஏழுமலை சும்மா துணைக்கு வந்தான். சுக்கு என் கையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, நேரே போய் அவன் காலடியில் படுத்துக்கொண்டது. ஆபீசர் கேள்விப்பட்டு, நாயே முடிவு பண்ணிவிட்டதே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குக் கிடைத்தது ஒளிந்துகொள்ளும் வேலை. நிலையத்துக்குப் பின்னால் உடைந்த கான்கிரீட்டும் சிமெண்ட் குழாய்களும் குவித்துவைத்திருந்தோம். அதற்குள் ஒருத்தர் படுத்துக்கொள்ள வேண்டும். நாய் கண்டுபிடித்து மூன்று தரம் குரைத்தால், ஒளிந்திருந்தவர்தான் பரிசு கொடுத்து விளையாட வேண்டும். பரிசு, என் பழைய காக்கிச் சட்டையின் கையைக் கிழித்து நான் முடிச்சுப் போட்ட துணி. வெயிலில் குழாய்க்குள் வெந்துபோய்க் கிடப்பேன். குழாய் வாயை மூடிய பலகையின் சந்தில் ஈர மூக்கு நுழையும். அப்புறம் பத்து நிமிஷம் சுக்கு என்னுடையது. ஏழுமலை விசில் அடித்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், ஒளிகிற ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருத்தனிடம் உனக்கு முதுகுவலி என்பேன், இன்னொருத்தனிடம் குழாயில் தேள் இருக்கிறது என்பேன். எல்லோரும் என்னைத் தியாகி என்றார்கள். தியாகமாவது மண்ணாவது! அந்தத் துணியைச் சுக்கு வேறொருத்தன் கையிலிருந்து வாங்குவதை என்னால் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

தேர்வு நாளில் வெளியூர்க்காரர் ஒருவர் ஒளிந்துகொண்டார். சுக்கு அவர் இருந்த குழாயை முகர்ந்தது. விட்டுவிட்டு வெளியே குதித்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் முன்னால் நின்று மூன்று தரம் குரைத்தது. பயிற்சியாளர் என்னைக் காட்டி, "இது மனுஷனைத் தேடலைங்க. இவரைத்தான் தேடுது" என்றார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். காப்பகத்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை பேர் இருக்க, என்னைத் தேடி வந்ததே! வெட்கக்கேடுதான்.

மறுநாள் நான் ஹோஸைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்து நின்றான். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு அதுமேல ஆசை ஜாஸ்தின்னு எனக்குத் தெரியும்ண்ணா. ஆறு மாசம் அது கண்ணுல படாம இருந்துடுங்க. இல்லன்னா அனுப்பிடுவாங்க."

நான் வேறு ஷிப்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் இல்லாத நேரத்தில் ஆளாளுக்கு ஒளிந்தார்கள். புதிதாக ஒரு பந்து வாங்கினார்கள். அடுத்த தேர்வில் சுக்கு தேறிவிட்டது. ஏழுமலை ஸ்வீட் கொடுத்தான், நானும் வாங்கித் தின்றேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் ஊருக்குள் பழைய மாடிவீடு ஒன்று சரிந்து விழுந்தது. உள்ளே ஒரு பெண் சிக்கியிருப்பதாகத் தெருவே கத்தியது. நான் குவியல் மேல் நின்று செங்கல்லை அகற்றிக்கொண்டிருந்தபோது, ஏழுமலை சுக்குவோடு வந்து இறங்கினான். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கீழே இறங்கிப் போக நேரமில்லை. சுக்கு மேலே ஏறி நேரே என்னை நோக்கி வந்தது. என்னிடம் வந்துவிடாதே தாயே, இன்றைக்கு மட்டும் வந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். அதன் மூக்கு என் முழங்காலில் பட்டது. பாதிக் காது லேசாக ஆடியது. பிறகு என்னைத் தாண்டிப் போய், படிக்கட்டு விழுந்து கிடந்த மூலையில் நின்று மூன்று தரம் குரைத்தது.

அந்தப் பெண் உயிரோடு வெளியே வந்தார். ஏழுமலைக்கும் சுக்குவுக்கும் மாலை விழுந்தது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. தாண்டிப் போக வேண்டும் என்றுதான் ஆறு மாதம் ஒதுங்கியிருந்தேன். தாண்டிப் போனதும் வலித்தது.

சுக்குவை அந்தச் சிமெண்ட் குழாய்களுக்குப் பக்கத்திலேயே புதைத்தோம். மண் தள்ளுவதற்கு முன்னால் ஏழுமலை என்னிடம், "அந்தக் காக்கித் துணி இருந்தா கூட வெச்சிடலாம்ண்ணா" என்றான். எப்பவோ தொலைந்துபோனது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது.

ஏழுமலை, நீ இதைப் படிப்பாய். விசில் அடித்தால் அது உன்னிடம்தான் ஓடியது. மாலை போட்ட போட்டோ உன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கடைசி மூச்சும் உன் மடியில்தான். அதன் பல் பதிந்த துணி என் பீரோவில் இருக்கிறது. கேட்காதே, தர மாட்டேன்.