நடு ஏரியில் ஒரு சம்பந்தம்

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவன் ஏரியைச் சுற்றி நடப்பான், ஏரிக்குள் போகமாட்டான். படகெல்லாம் கீழேயிருந்து வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு. நாங்கள் கரையில் நின்று சோளம் சுட்டு விற்போம், சைக்கிள் வாடகைக்கு விடுவோம், குதிரையில் ஏற்றிவிடுவோம். ஊரே அந்தத் தண்ணீரை வைத்துப் பிழைக்கிறது. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. மகளுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வரன் வரும்வரை அதற்கொரு தேவையும் வரவில்லை.

பையனின் அப்பா காய்கறி மண்டி வைத்திருப்பவர். புருஷனும் மனைவியுமாக வந்து பெண்ணைப் பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பதில் மட்டும் சொல்லவில்லை. என் மகளுக்கோ பையனை ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பதில் வாங்காமல் மலையிறங்க விடக்கூடாது என்று நானும் மனைவியும் அவர்களை ஏரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கேயாவது நான் வாயை அடக்கியிருக்கலாம். கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் மேலேறி வந்தது, அவர்களில் ஒரு கலெக்டர் ஓடையை மறித்து ஏரி கட்டியது, தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தது என்று எல்லாவற்றையும் நானே மண் சுமந்தவன் மாதிரி அளந்துவிட்டேன்.

"அப்ப நீங்களே ஓட்டிருவீங்க," என்று மண்டிக்காரர் பெடல் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார். படகுக்காரப் பையன் எனக்கும் ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டான்.

நடு ஏரியில் பனிமூட்டம் இறங்கியது. கரையிலிருந்து பார்த்தால் அழகுதான். உள்ளேயிருந்து பார்த்தால் கரையையே காணோம். மிதித்தேன். இன்னும் வேகமாக மிதித்தேன். படகு போய்க்கொண்டே இருந்தது, கரைதான் வரவில்லை.

பின்சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "என்னங்க, அந்தக் கைப்பிடிய ஒரே பக்கமா ஒடிச்சுப் பிடிச்சிருக்கீங்க. ஒரே எடத்துல சுத்திக்கிட்டுக் கெடக்கோம்."

விட முடியவில்லை. கை என் பேச்சைக் கேட்கவில்லை. வாயும் கேட்கவில்லை. "காப்பாத்துங்க!" என்று அது பாட்டுக்குக் கத்தியது.

கரையிலிருந்த குதிரைக்காரர் ஒருவர், சவாரிக்கு ஆள் கிடைத்த குரலில் பனிக்குள்ளிருந்து பதில் கொடுத்தார்: "அரை ரவுண்டாண்ணே, முழு ரவுண்டா?"

மண்டிக்காரர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். ஏலம் கூறிப் பழகிய தொண்டை அவருக்கு. "ஏலே, அங்கனயே நின்னு பேசிக்கிட்டே இரு! உன் சத்தத்தப் பிடிச்சு வாரோம்!"

நாங்கள் கரை சேரும்வரை குதிரைக்காரர் தன் குதிரையின் குணநலன்களை விடாமல் சொன்னார். அதற்கு நல்ல குணம். யாரைக் கண்டும் மிரளாதாம்.

இறங்கியதும் பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வரன் போச்சு என்று முடிவுகட்டினேன். ஊர்ப்பெருமை போனால் போகிறது, வீட்டில் காத்திருக்கிற மகளிடம் எந்த முகத்தோடு போவது?

மண்டிக்காரர் தன் மனைவியிடம் திரும்பினார். "வீட்லருந்தே இந்த மனுசன் பேசுன பேச்சப் பாத்து, சம்பந்தியாயிட்டா நம்மள வாயத் தெறக்க விடுவாரான்னுதான் யோசிச்சேன்."

"அதுக்குத்தான் வழி தெரிஞ்சுபோச்சே," என்றார் அந்த அம்மா. "ரொம்பப் பேசுனா படகுல ஏத்திருவோம்." பிறகு என் மனைவியைப் பார்த்து, "வெரசா ஒரு நல்ல நாள் பாருங்க மதினி," என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

என் மனைவி அங்கேயே மகளுக்குப் போன் போட்டாள். நல்ல செய்தியைச் சொல்லுமுன் நான் கத்தியதைத்தான் சொன்னாள். போனுக்குள் மகள் சிரிப்பது எனக்கே கேட்டது. சிரிக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை எப்படிக் கழற்றுவது என்று யாரிடம் கேட்கலாம் என நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.