தம்பிக்காக நான் சொன்ன சிங்களம்

அன்றைக்கு ஆஸ்பத்திரி அறையில் நான், வாப்பா, தம்பி, உளவளத்துணை மிஸ் நால்வரும் இருந்தோம். உம்மா வரவில்லை. நாங்கள் கண் டொக்டரிடம் போயிருப்பதாகப் எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் சொல்லிவைக்க ஒருவர் வீட்டில் வேண்டுமே.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. மூன்று மாதமாக அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்டது. ஆஸ்பத்திரியில் விழுங்கக் குளிசை தந்தார்கள், கிழமைக்கு ஒரு தரம் மிஸ்ஸோடு கதைக்கவும் சொன்னார்கள். இரண்டுக்கும் காசு வாங்கவில்லை. குரல் சொல்வதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அவனோடு சேர்ந்து யோசிப்பது மிஸ்ஸின் வேலை. அவருக்குச் சிங்களம் மட்டும்தான், தமிழ் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ஏ.எல். வரை படித்தவன் நான். சிங்களமும் தெரியும் என்பதால், மொழிபெயர்க்க நடுக் கதிரை எனக்கு.

குரல் என்ன சொல்கிறது என்று மிஸ் கேட்டார்.

தம்பி நிலத்தைப் பார்த்தபடி அண்ணனான என்னிடம் சொன்னான்: "வாப்பா சோத்துல என்னமோ கலக்குறாராம். அது உண்மையாண்டு மிஸ்ஸுக்கிட்ட கேளுங்க நானா."

உண்மைதான். குளிசையை அவன் துப்பிவிடுவதால் வாப்பா அதை இடித்து, சோற்றுக்கு ஊற்றும் மீன் ஆணத்தில் கலந்தார். யோசனை என்னுடையது.

வாப்பா என் முழங்கையைத் தட்டினார். "அத சொல்லிராத மகன். மானம் போயிரும்."

சாப்பாடு ருசியில்லையாம் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

தம்பி சிரித்தான். சிலாபத்தில் சிங்களவரோடு மீன் வாடியில் வேலைக்கு நின்றவன். சிங்களம் பேசத் திக்குவான், கேட்டால் விளங்கும்.

"நல்லாத்தான் படிச்சீக்கிறீங்க நானா. அந்தக் குரலாவது பொய் சொல்லல்ல."

அதன்பிறகு அந்த அறையில் அவன் வாய் திறக்கவில்லை. மிஸ் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. வீட்டுச் சோற்றை அவன் தொடவில்லை; கடைப் பாண் ரொட்டியை மட்டும் தின்றான். குளிசையும் நின்றது. ஒரு காலை, தோணிகள் கரைக்கு வரும் நேரம், வாப்பாவின் கழுத்தைப் பிடித்தான். நைலோன் கயிற்றால் அவன் கையைக் கட்டியவன் நான்.

"என்ன தம்பி, கண் டொக்டர் கையையும் கட்டச் சொன்னாரா?" என்று என்னைக் கேட்டார் தோணிக்காரர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பவும் கதைக்க அவன் ஒத்துக்கொண்டான். ஆனால் கதைப்பவர் தமிழ் தெரிந்த ஆளாக இருக்கவேண்டும், நானாவான நான் உள்ளே வராமல் ரோட்டில் நிற்கவேண்டும் என்றான். அப்படியொருவர் கொழும்பில், காசுக்குத்தான் கிடைத்தார். வாப்பா தோணி எஞ்சினை விற்றார். நாற்பத்தேழு தரம் போனோம். நாற்பத்தேழு தரமும் நான் ரோட்டில் நின்றேன். பஸ்ஸும் பீஸுமாக மூன்று லட்சத்து எழுபத்தாறாயிரம் ரூபா.