ஐஸ்பெட்டியில் ஒரு காகம்

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் நான் குடியிருந்த வீட்டின் ஐஸ்பெட்டியில் செத்த காகம் ஒன்றை ஒளித்துவைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில், புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை மாலை. அது சைவ வீடு. அந்த ஐஸ்பெட்டிக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. இதெல்லாம் தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் விட்டது வேறொன்று. அதுதான் வீட்டுக்காரரின் உயிரை வாங்கப் பார்த்தது.

அவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வம்சம். நான் ரப்பர் தோட்டத்துக்காரன். தோட்டத்தை அழித்து வீட்டுமனை போட்ட பிறகு ஈப்போவுக்கு வந்து உயிரியல் ஆசிரியராகி, அவர் வீட்டு முன்னறையில் குடியேறியவன். அவர் பேசுவதும் தமிழ், நான் பேசுவதும் தமிழ். இரண்டாவது தடவை கேட்டால் இருவருக்கும் புரிந்துவிடும்.

தினமும் காலை எட்டு மணிக்குப் பின்மதிலில் ஒரு காகம் வந்து உட்காரும். வீட்டுக்காரப் பெரியவர் ஒரு பிடி சோறு வைப்பார். சுண்ணாம்புக் குன்றுப் பக்கமிருந்து வரும் உள்ளூர்க் காகங்கள் முழுக் கறுப்பு, தடித்த அலகு. இதற்குக் கழுத்து சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் கழுத்துக் காகத்தை, காப்பிச் செடியில் புழு தின்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து தெற்கே துறைமுகத்தில் விட்டார்கள் என்பார்கள். அங்கிருந்து அது மெல்ல வடக்கே பரவிக்கொண்டிருந்தது. படித்தவன் என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில் இதை நான் பெரியவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்று முதல் அந்தக் காகம் அவருக்குச் சொந்தக்காரர்.

"எங்கட ஊர்க்காகம், மாஸ்டர். நடையைப் பாரும், என்ன மரியாதை!"

நான் நடையைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தேன். சாம்பலுக்குள் கரும்புள்ளிகள் இருந்தன. அலகும் கொஞ்சம் தடிப்பு. பரவிக்கொண்டிருக்கும் ஓர் இனத்தின் எல்லையில் தன்னந்தனியாக வந்து சேரும் பறவைக்குத் தன் இனத்தில் துணை கிடைக்காது. பக்கத்து இனத்தில் சம்பந்தம் பேசிவிடும். பிறக்கும் குஞ்சுகள் மலடாக இருந்தால் இரண்டும் தனித்தனி இனம் என்பது உறுதி. அவை மறுபடி குஞ்சு பொரித்தால் இனங்களுக்கு நடுவே நாம் போட்ட கோடு இன்னும் காயவில்லை என்று அர்த்தம். முதுகலைப் பட்டத்துக்கு நாலு வருடமாகப் பொருள் தேடிக்கொண்டிருந்தவனின் கண்ணெதிரே, மதில்மேல், அந்தக் காயாத கோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை பக்கத்து வீட்டு மோட்டார் மெக்கானிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், ஒங்க வீட்டு காக்கா கரண்டு அடிச்சி லோங்காங்குல கெடக்குலா."

சாக்கடையில் இறங்கி எடுத்தேன்.

"என்னா மச்சான், போஸ்ட்மார்ட்டமா?"

கிட்டத்தட்ட அதுதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்த என் நண்பர் திங்கட்கிழமை ஈப்போ வழியாகப் போகிறார். ஈரல் கெடாமல் உறைந்திருந்தால், அதிலுள்ள புரதங்களை மின்சாரத்தில் ஓடவிட்டு, கலப்பா இல்லையா என்று சொல்லிவிடுவார். மின்சாரத்தால் செத்ததற்கு மின்சாரமே சாட்சி. காகத்தைச் செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்னில் அடைத்து, ஐஸ் தட்டுக்குப் பின்னால் தள்ளினேன்.

எங்கள் தோட்டத்தில் புரட்டாசிச் சனி என்றால் பெருமாள், நாமம், பொங்கல். காகத்துக்கு அதில் வேலை கிடையாது. அதனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பின்கட்டுக்குப் போனபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. எள்ளெண்ணெய் விளக்கு எரிந்தது. மதில்மேல் இலையில் எள்ளுச் சோறு. நாற்காலியில் பெரியவர். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"காகம் எடுக்காமல் இவர் சாப்பிடமாட்டார், தம்பி" என்றார் அவர் மனைவி. "சனீஸ்வரன்ர விரதம். ஏழரைச் சனி வேற நடக்குது. எட்டு மணிக்கு வாற காகம்தானே எண்டு நான் ஏழரைக்கே இன்சுலின் போட்டிட்டன்."

நான் ஐஸ்பெட்டிப் பக்கம் திரும்பாமல் நின்றேன்.

ஊசி போட்டு ஒன்றரை மணி நேரம். வயிற்றில் பருக்கை இல்லை. சர்க்கரை இறங்கி, பெரியவரின் விரல்கள் நாற்காலிக் கையில் தந்தியடித்தன.

"ஐயா, சீனித் தண்ணி மட்டும் குடிங்கய்யா. அது மருந்துலா, சாப்பாடு இல்ல."

"சீனியும் வாயாலதானே போகுது? விரதம் விரதம்தான்."

அப்போது குன்றுப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் காகம் வந்து மதிலின் கோடியில் இறங்கியது. இலையை நோக்கி இரண்டு தத்து தத்தியது. எனக்கு மூச்சு வந்தது. பெரியவர் கைத்தடியை ஓங்கினார்.

"சூ! அண்டங்காகம்! சனீஸ்வரனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? எங்கட காகம் வரும்."

கறுப்பு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு அஸ்பெஸ்டாஸ் கூரையில் உட்கார்ந்தது. எங்கள் காகம் வராது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொன்னால் அறை போகும், காகம் போகும், நாலு வருடம் காத்த பட்டம் போகும். சொல்லாமலே அவரைச் சாப்பிடவைக்க வழி இருக்கிறதா என்று நான் யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் எங்கோ போயிருந்தது. "தைப்பிங் ரயில் வெளிக்கிட்டுதோ?" என்று கேட்டார்.

ஓடினேன். ஐஸ் தட்டு தரையில் சிதறியது. டின்னைத் திறந்து செய்தித்தாளைக் கிழித்து, கல்லாக உறைந்திருந்த காகத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

"ஐயோ! என்ர ஐஸ்பெட்டியிலயோ!" என்று வீட்டுக்கார அம்மா தலையில் கை வைத்தார்.

"ஒங்க காக்காதான்யா. நேத்து கரண்டு அடிச்சிருச்சி. ஒளிச்சி வச்சது நான்தான். திட்டுறத அப்பறம் திட்டுங்க. கழுத்த பாருங்க, உள்ள கறுப்பு. மூக்க பாருங்க, எவ்ளோ தடிப்பு. அப்பன் சிலோன், ஆத்தா ஈப்போ. இத்தன மாசமா நீங்க சோறு போட்டது பாதி அண்டங்காக்காவுக்கு. சனீஸ்வரன் வேணாம்னாரா?"

பெரியவர் குனிந்தார். பயணச்சீட்டைச் சரிபார்ப்பதுபோல் அந்தக் கழுத்தை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பாதியோ?"

"பாதி."

"நிச்சயமோ, மாஸ்டர்?"

நிச்சயமில்லை. சாம்பல் கழுத்துக் காகத்தின் இளம் பறவைக்கும் கழுத்து இப்படி மங்கலாகத்தான் இருக்கும். அலகைப் பற்றி எனக்கிருந்ததோ வெறும் ஆசை. நிச்சயம் தெரிந்துகொள்ளத்தானே ஈரல்.

"நிச்சயம்யா" என்றேன்.

கைத்தடி மெல்லத் தரையில் இறங்கியது. அம்மா இலையை மதிலின் விளிம்புக்கு நகர்த்தி, "கா, கா" என்றார். கூரைமேல் இருந்த கறுப்பு கழுத்தைச் சாய்த்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. தடியைப் பார்த்தது. நான் தடியைக் காலால் எத்தி அப்பால் தள்ளினேன். அது இறங்கியது. நின்றது. ஒரு வாய் எடுத்தது.

அது விழுங்குவதற்குள் அம்மா ஒரு கை சீனியைப் பெரியவர் வாயில் திணித்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் அவர் தெளிந்து, இரண்டாம் தடவை சோறு வாங்கி, என்னை முறையாகத் திட்டத் தொடங்கினார். அவ்வளவு இலக்கணச் சுத்தமான வசையை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. நடுவில் ஞாபகம் வந்து பின்கட்டுக்குப் போனேன். காகம் இல்லை. அம்மா மெக்கானிக்கைக் கூப்பிட்டு, திருநீறு போட்டு, வாழையடியில் புதைக்கச் செய்துவிட்டிருந்தார். வெயிலில் கிடந்து இளகிய ஈரல், எறும்பு வேறு. தோண்டி எடுத்தும் பயனில்லை. தோண்டக் கேட்கும் துணிச்சலும் எனக்கில்லை. ஐஸ்பெட்டியை மூன்று தடவை மஞ்சள் நீரால் கழுவினார்கள். அதன் கதவைத் தொடும் உரிமை எனக்கு ரத்தானது. அறை மட்டும் தப்பியது. திங்கட்கிழமை நண்பர் காலிப் பெட்டியுடன் போனார்.

அடுத்த சனிக்கிழமை மதிலில் வந்து உட்கார்ந்தது அதே அண்டங்காகம். அலகிலிருந்து வால்வரை ஒரே கரி. பெரியவர் இலையின் முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுவும் பாதியோ, மாஸ்டர்?"

மணி எட்டேகால். ஊசி போட்டாகிவிட்டது.

"பாதிதான்யா" என்றேன்.