ஆடாத கட்டு

சவரிராயனுக்கு லாரியின் இடது பக்கம் ஆகாது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை. பெட்டிகளைப் பட்டை போட்டுக் கட்டி லாரியில் ஏற்ற வேண்டும். ஒருமுறை டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் விளையாட்டாக ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். கூட வேலை செய்யும் வெற்றிச்செல்வன் கீழே இடது சக்கரத்தை ஒட்டி நின்று கேலி செய்துகொண்டிருந்தான். குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. கண்ணாடியிலும் இல்லை. அதற்குப் பிறகு ரோட்டைக் கடப்பதென்றால்கூட, வேறு யாராவது கடக்கும்வரை காத்திருந்து அவர்களோடு சேர்ந்துதான் போவார். வேலைக்கு பஸ். வீடு இருக்கும் உப்பளத்துக்குள் நடை.

இந்த மனிதரைத்தான் அவர் மனைவி லூர்துசெல்வி வேளாங்கண்ணிக்கு சைக்கிளில் அனுப்புவதாக மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். போன மழைக்காலத்தில் மகள் மெரினுக்கு டெங்கு. ரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போன நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செய்த நேர்ச்சை. காய்ச்சல் விட்டு மெரின் வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்த பிறகுதான் கணவரிடம் சொன்னாள்.

"உன் பேருல வேண்டிக்கக் கூடாதா?"

"எனக்கு சைக்கிள் உடத் தெரியாதுங்க."

"எனக்கு மட்டும்?"

"ஆம்பள தானே, கத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

நடந்து போகிறேன் என்று அவர் பேரம் பேசிப் பார்த்தார். அதற்குக் கம்பெனியில் அத்தனை நாள் லீவு தர மாட்டார்கள். மேலும், சொன்னதை மாற்றினால் மாதா என்ன நினைப்பாளோ. மெரின் ஒரு தும்மல் போட்டாலும் அவர் கை தானாக அவள் நெற்றிக்குப் போனது.

வெற்றிச்செல்வனும் லூர்துபிரகாஷும் துணைக்கு வருவதாகச் சொன்னார்கள். பிரகாஷ் அதே பேக்கிங் பிரிவு, சவரிராயன் போகும் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். வெற்றியோ, மாரியம்மன் கோயிலுக்குத் தீ மிதிக்கிறவன். மாதாவும் அம்மன்தானே என்றான். இரண்டு பேரும் சிறுவயதில் சைக்கிள் ஓட்டியதோடு சரி. உப்பளம் மைதானத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள் பழகினார்கள். மூவருமே காலை ஊன்றித்தான் நிறுத்தினார்கள்.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் பூசை முடிந்து, சாமியார் சைக்கிள்களை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பெரிய மார்க்கெட்டில் வாங்கிய சாமந்தி மாலைகளை ஹேண்டில்பாரில் கட்டுவது வெற்றியின் பொறுப்பு. வாழைநார் வழியிலேயே அறுந்துவிடும் என்று கம்பெனியிலிருந்து பேக்கிங் பட்டை கொண்டுவந்திருந்தான். லாரி சென்னை போய்ச் சேரும்வரை ஒரு பெட்டி அசையக் கூடாது என்பது அவர்கள் பிரிவின் கௌரவம். ஒவ்வொரு சைக்கிளிலும் மாலையின் இரண்டு நுனிகளையும் இரண்டு பக்கமும் பிரேக்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருந்த சந்தில் திணித்து, மேலே பட்டையைச் சுற்றி இறுக்கினான். பிரகாஷ் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. சவரிராயனும் ஆட்டிப் பார்த்துத் திருப்தியானார்.

முதலியார்பேட்டை வரை அவர் முன்சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டினார். பின்னால் ஹாரன் கேட்டபோதெல்லாம் இறங்கி ஓரமாக நின்றார்.

"மாமா, இப்படிப் போனா மாதா நம்மளத் தேடிக்கிட்டு எதிர்ல வந்துடும்" என்றான் வெற்றி.

"நீ போடா. நான் வரேன்."

அரியாங்குப்பம் பாலத்தில் ஏற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார். மற்ற இருவரும் அதற்குள் பாலத்தின் அந்தப் பக்கம் இறங்கிப் போயிருந்தார்கள். எல்லா பாலத்திலும் தள்ளிக்கொண்டே போனால் அது நேர்ச்சையில் சேருமா என்று ஒரு யோசனை வந்தது. பின்னால் பார்த்தார், வண்டி எதுவும் இல்லை. ஏறி உட்கார்ந்தார்.

இறக்கத்தில் சைக்கிள் தானாக ஓடியது. பிரேக்கைப் பிடித்தார். அது அசையவில்லை. பயத்தில் தன் விரல்களுக்குத்தான் பலம் போய்விட்டது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். சாமந்தி இதழ்கள் உதிர்ந்து முகத்தில் அடித்தன. அப்போது வலது தோளுக்குப் பக்கத்தில் சூடு தெரிந்தது. லாரி. ஹாரன்கூட அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தக் கண்ணாடியில் அவர் இல்லை.

காலை ஊன்றினார். செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. வெறுங்கால் தாரில் தேய்ந்தது. ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்தார். சைக்கிள் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உரசிக்கொண்டே போய் அவரைக் கீழே தள்ளியது. லாரியின் பின்சக்கரங்கள் அவர் தலைக்குப் பக்கத்தில் உருண்டு போயின. லாரி அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து தள்ளிக்கொண்டு வந்தபோது, கீழே டீக்கடை ஓரம் இருவரும் நின்றிருந்தார்கள். பிரகாஷின் சைக்கிள் மணல் குவியலில் செருகியிருந்தது. வெற்றியின் முழங்கையில் ரத்தம். யாரும் கேலி செய்யவில்லை.

"பிரேக்கு புடிக்கலடா" என்றார் சவரிராயன்.

"யாருக்கும் புடிக்கல மாமா."

மூவரும் குனிந்து ஹேண்டிலைப் பார்த்தார்கள். திணித்த பூ நசுங்கி, கட்டைபோல் இறுகியிருந்தது. பட்டை துளிகூட நகரவில்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்க" என்றார் பிரகாஷ்.

டீக்கடையில் கத்தி வாங்கி சவரிராயன் பட்டைகளை அறுத்தார். மந்திரித்த மாலைகளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மூன்றையும் மடித்துத் தன் கேரியரில் வைத்து காவித் துண்டால் கட்டினார். பிரேக்குகளை ஒவ்வொன்றாக அழுத்தி, சக்கரம் நிற்கிறதா என்று பார்த்தார்.

"மச்சான், திரும்பிடலாம்" என்றார் பிரகாஷ். "செல்விகிட்ட நான் பேசறேன். எனக்கு இன்னும் கையெல்லாம் ஒதறுது. உனக்கு ஒண்ணும் ஆவலையா?"

"எனக்குக் காலையிலேர்ந்தே இப்படித்தான் இருக்குது."

டீக்காரரிடம் ஒரு ஜோடி பழைய ரப்பர் செருப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். கடலூர் பக்கம் பார்த்தார். அங்கிருந்து வேளாங்கண்ணி வரை எத்தனை பாலம் இருக்கும் என்று டீக்காரரிடம் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார்.

"எறக்கத்துல எறங்கித் தள்ளுவோம். மூணு பேருமே. லாரி சத்தம் கேட்டா நிக்கணும். என் பின்னாடியே வாங்க."

ஏறி மிதித்தார். ஹேண்டில் நடுங்கியது. சற்றுத் தூரம் போனதும் பின்னால் ஹாரன் கேட்டது. சவரிராயன் பிரேக்கைப் பிடித்தார், சைக்கிள் நின்றது. அவருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்கள் நிற்கும் சத்தமும் கேட்டது. லாரி கடந்து போகும்வரை மூவரும் வேலியை ஒட்டி நின்றார்கள்.