பேட்டரிச் சில்லு எரித்த அடுப்பு

காலை ஏழு மணிக்கு, வெந்நீர் அடுப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த என் மகள் ரோஸி வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தாள். அவளை அங்கே உட்காரவைத்ததே நான்தான்.

நாமக்கல்லில் எங்கள் தெருவே, லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட பழைய பேட்டரிகளில் காரீயத் தகடுகளுக்கு இடையே செருகியிருந்த மரச்சில்லைத்தான் அப்போது விறகாக எரித்தது. டாக்டர் அவள் ஈறில் ஓடிய கறுப்புக் கோட்டைக் காட்டி, "காரீய விஷம். அந்தப் புகைதான் காரணம்," என்றார்.

ரோஸி தேறினாள். மற்றப் பிள்ளைகள்? வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "வெறகு நீங்க வாங்கித் தாரீங்களா, டீச்சரம்மா?" என்று பக்கத்து வீட்டுச் செல்லாயி சிரித்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போய், சில்லுக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். கூடையோடு வந்தவர்கள் ஏசினார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது செல்லாயியும் வந்தாள். கையில் கூடை இல்லை, இடுப்பில் மகன். "ஏனுங்க டீச்சரம்மா, எம் பையன் ஈறைக் கொஞ்சம் பாருங்க," என்றாள்.